மூத்த பெட்டியும் இளைய பெட்டியும்

அத்தியாயம் 14

வெள்ளவத்தை ‘பூச்சரம் திருமண சேவை’யில் சரஸ்வதி பூசையும் மறுநாள் விஜயதசமியும் ஒரு குறையுமில்லாமல் நடந்தேறின என்று போன வாரம் எழுதியிருந்தோம். அவசரப்பட்டு எழுதிவிட்டோம். குறை ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில்தான் அது தலையை நீட்டியது.

அருள்நாயகி தோய்ந்த தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது முதல் அழைப்பு வந்தது.

“அக்கா, நீங்கள் அனுப்பின மூண்டு பொடியன்மாரும் நல்ல வடிவாத்தான் இருக்கினம்,” என்றது ஒரு பெண் குரல். “ஆனா எங்கட பிள்ளைக்கு வைகாசியில கலியாணம் முடிஞ்சுதே. நீங்கள்தானே செய்துவைச்சனீங்கள்?”

இரண்டாவது அழைப்பில் சத்தம் அதிகம். மருமகன் பக்கத்தில் நின்று மெசேஜை வாசித்துவிட்டாராம். வாசித்துவிட்டு, “இவையளைவிட நான் எவ்வளவோ திறம்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாராம். ஆனால் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துப் போகவில்லையாம்.

மூன்றாவது அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அந்த ரெண்டாவது பொடியன் கனடாவே? இல்லை, சும்மா கேட்டனான். நாங்கள்தான் கொஞ்சம் அவசரப்பட்டிட்டமோ எண்டு இருக்கு.”

அருள்நாயகி துவாயைத் தலையில் சுற்றியபடி மகளைக் கூப்பிட்டாள். “அருந்ததி! உன்ர கொம்பியூட்டர் எல்லாருக்கும் ரெண்டாந்தாரம் பேசுது. ஓடி வா!”

அருந்ததி ஓடி வந்தாள். ஒரு காப்புறுதிக் கம்பனியின் தரவுத்தளங்களைப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். அம்மாவின் திருமண சேவைக்கு வேண்டிய மென்பொருளை எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். அதில் பதிந்த ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு நிலை இருக்கும். ‘தேடலில்’, ‘பேசி முடிந்தது’, ‘திருமணமானது’ என்ற மூன்றில் ஒன்று. தேடலில் இருப்பவர்களுக்கு மென்பொருளே வெள்ளிக்கிழமை தோறும் சாதகம் பார்த்து, பொருந்துகிற மூன்று வரன்களை அனுப்பிவிடும். அனுப்புவது பெற்றோரின் தொலைபேசிக்கு. பிள்ளைகளின் இலக்கத்தைப் பதிவில் யாரும் தருவதில்லை. தனக்கு வரன் பார்க்கிறார்கள் என்பதைப் பிள்ளை எப்போது அறிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அம்மாக்களுடையது.

அவள் திரையைத் திறந்தாள். கலியாணமாகி இரட்டைப் பிள்ளை பெற்ற ஒருத்தி மறுபடியும் கன்னியாக இருந்தாள். அவுஸ்திரேலியாவில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த ஒருவர் பெண் தேடிக்கொண்டிருந்தார். ஒரு வருடத்துக்கு மேலாக அம்மா கட்டிவைத்த அத்தனை தாலிகளையும் யாரோ ஒரே இரவில் அவிழ்த்துவிட்டது போல இருந்தது.

அப்போது அருள்நாயகியின் தொலைபேசி இன்னொரு தடவை சிணுங்கியது. அவள் கண்ணாடியைப் போட்டு வாசித்தாள்.

“பிள்ளை,” என்றாள் மெதுவாக. “உனக்கும் மூண்டு பொடியன்மார் வந்திருக்கினம்.”

அருந்ததி உடனே கணக்குப் போட்டாள். தான் தேடலில் இருக்கிறாள் என்றால் தனக்குப் பேசி முடிந்த தனுஷனும் தேடலில் இருப்பான். அவனுக்கும் மூன்று பெண்கள் போயிருப்பார்கள். அவனுடைய பதிவில் இருக்கும் இலக்கம் அவன் அம்மாவுடையது.

தனுஷனின் அம்மா இரத்தினேஸ்வரி அன்ரி இன்று பின்னேரம் வருகிறார். இரண்டு பக்கமும் பேசி முடிந்து, சொல்லும் கொடுத்தாயிற்று. கலியாணத் திகதியைக் குறிப்பது மட்டும்தான் மிச்சம். இரத்தினேஸ்வரி அன்ரி வங்கியில் கணக்காய்வுப் பகுதியில் இருந்து ஓய்வுபெற்றவர். முன்பு ஒரு சம்பந்தத்தில் பெண் வீட்டார் கேட்காமல் மண்டபத்தை மாற்றினார்கள் என்பதற்காக அவர் பெண்ணையே மாற்றிக்கொண்டார் என்று பம்பலப்பிட்டியில் ஒரு கதை உண்டு.

“அவா என்ன நினைப்பா?” என்றாள் அருள்நாயகி. “ஒரு கையால சொல் குடுத்துக்கொண்டு மற்றக் கையால மகளை விலை பேசுறன் எண்டெல்லோ நினைப்பா!”

இதுவரை பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் அருந்ததி தன் வேலையைப் பற்றி ஆசையோடு விளக்கியிருக்கிறாள். கொட்டாவி விடாமல் இரண்டாவது கேள்வி கேட்ட ஒரே ஆண் தனுஷன். அப்படி ஒருவனை இழக்க அவளுக்கு மனமில்லை.

“உது அந்தத் தெஹிவளைக்காரியின்ர வேலைதான்,” என்றாள் அருள்நாயகி. தெஹிவளையில் போன வருடம் இன்னொரு திருமண சேவை திறந்திருந்தார்கள். “சூனியம் வைச்சிட்டாள்.”

“சூனியம் வைச்சாலும் ஆர் வைச்சதெண்டு இதில இருக்கும் அம்மா. பொறுங்கோ.”

“எல்லாம்தான் அழிஞ்சு போச்செண்டு சொல்லுறாய். பிறகெங்க இருக்கப் போகுது?”

அதுதான் அருந்ததிக்குப் பிடித்த இடம். இவ்வளவு பதற்றத்திலும் அவள் கதிரையை இழுத்து அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

“அழியேல்ல அம்மா. ஆரோ பழைய பேக்கப் ஒண்டை எடுத்து ரீஸ்டோர் பண்ணியிருக்கினம். பேக்கப் எண்டா அண்டைக்கு இருந்ததை இருந்தபடி படம் பிடிச்சு வைக்கிற மாதிரி. ரீஸ்டோர் எண்டா இண்டைக்கு இருக்கிறதை எடுத்தெறிஞ்சுபோட்டு, அந்தப் படத்தில இருக்கிறதை உண்மையாக்கிறது. விளங்குதே?”

“விளங்குது. பழைய அல்பத்தில இருக்கிற சனமெல்லாம் எழும்பி வந்து வரவேற்பறையில இருக்குது.”

“அதேதான்! ஆனா எப்ப எப்ப பேக்கப் எடுத்தது, எப்ப எப்ப ரீஸ்டோர் பண்ணினது, ஆர் செய்தது எண்டதையெல்லாம் சேர்வர் வேற இடத்தில எழுதி வைக்கும். எங்கட தரவுக்குள்ள வைக்காது. வீட்டை இடிச்சுக் கட்டினாலும் கிராம சேவகரிட்ட இருக்கிற விபரம் இடிபடாதெல்லோ, அது மாதிரி. உள்ளுக்கையே வைச்சிருந்தா, ரீஸ்டோர் பண்ணினவுடன அந்தக் குறிப்பும் பழசாகி, தனக்கு என்ன நடந்ததெண்டே அதுக்கு மறந்துபோயிடும்.”

“நல்ல கெட்டித்தனம்தான். இப்ப ஆள் ஆரெண்டு சொல்லு. நான் தெஹிவளைக்குப் போகோணும்.”

வரிகள் திரையில் இறங்கின. அருந்ததி மேல் வரியை வாசித்தாள். விஜயதசமி அன்று காலையில் ரீஸ்டோர் செய்யப்பட்டிருந்தது. எடுத்த பேக்கப் பழைய டிஸ்க் பெட்டியில் கிடந்த, முந்திய வருடத்து ஆடி மாதத்தினது. ஆடியில் கலியாணம் இல்லை. கை ஓய்வாக இருக்கும் மாதத்தில் யாரோ பொறுப்பாக எடுத்துவைத்தது. செய்தவர் பெயர் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

“மாக்ரெட்.”

அருள்நாயகி துவாயை அவிழ்த்து மடியில் வைத்தாள். மாக்ரெட் அவளுடைய தம்பியின் மனைவி. தம்பி கட்டாரில் வேலை செய்கிறார். கொட்டாஞ்சேனைக் கிளையை மாக்ரெட்தான் நடத்துகிறாள். கத்தோலிக்கச் சம்பந்தங்கள் அங்கே, சைவச் சம்பந்தங்கள் இங்கே என்பது ஏற்பாடு. சரஸ்வதி பூசைக்கு மாக்ரெட் வருடம் தவறாமல் வருவாள். வந்து, பிறந்தது முதல் சைவமாக இருப்பவர்களைவிடப் பயபக்தியோடு எல்லாவற்றையும் செய்வாள்.

“அவள் எதுக்கு? அவளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பவே ரெண்டு பேர் வேணும்.”

“அதைப் பிறகு பாப்பம். முதல்ல நல்ல பேக்கப் ஒண்டு வேணும். ஒவ்வொரு இரவும் தானா ஒண்டு எடுக்கும்படி செய்து வைச்சனான். கடைசி ஏழு நாளுக்குரியதும் இருக்கோணும்.”

பட்டியலில் ஒன்றைத் தவிர எல்லாம் இருந்தன. அவை இருக்க வேண்டிய இடத்தைத் திறந்து பார்த்தபோது, நேற்று இரவு எடுத்தது மட்டும் இருந்தது. அது ரீஸ்டோருக்குப் பிறகு எடுத்தது. பிழையான தரவை வடிவாகப் பிரதி எடுத்து வைத்திருந்தது.

“மிச்சமெல்லாம் எங்க அம்மா?”

அருள்நாயகி ஜன்னல் பக்கம் பார்த்தாள். கீழே, காலிக்குப் போகும் பெருவீதியில் பஸ் ஒன்று நீளமாக ஹோர்ன் அடித்தது.

“அம்மா?”

“பூசைக்கு முதல் ஒட்டறை அடிக்கிறது வழமைதானே,” என்றாள் அருள்நாயகி. “அலுமாரி துடைச்சன். மேசை துடைச்சன். கொம்பியூட்டரையும் திறந்து பாத்தன். ஒரே மாதிரிப் பேரில கனக்கக் கிடந்துது. பழசு பட்டை சேத்து வைக்கக்கூடாதெண்டு அழிச்சுப்போட்டன்.”

“அழிச்சதெண்டு இதில தெரியாது,” என்றாள் அருந்ததி, அழுகைக்கும் ஆர்வத்துக்கும் நடுவில். “பாத்தீங்களே? பேக்கப் எடுத்ததெண்டு மட்டும்தான் இது சொல்லும். அந்த ஃபைல் இன்னும் இருக்குதோ இல்லையோ எண்டு இதுக்குத் தெரியாது. பிறப்பைப் பதியும். இறப்பைப் பதியாது.”

“சரி, பூசை இரவு எடுத்தது? நான் அழிச்சது பூசைக்கு முதல்தானே.”

அன்றைய இரவு பட்டியலில் வெறுமையாக இருந்தது. அருந்ததிக்கு உடனே நினைவு வந்தது. பூசையில் வைத்த ஆயுதங்களைத் தொடக்கூடாது என்று கொம்பியூட்டரை நிறுத்தி, திரைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பிளக்கையும் கழற்றியிருந்தார்கள். நிறுத்திய கொம்பியூட்டர் பேக்கப் எடுக்காது.

ஆனால் அந்த வெறுமைக்குச் சற்று முன்னே ஒரு வரி இருந்தது. அவள் போடாத வரி. பூசை நாள் பின்னேரம், கொம்பியூட்டரை நிறுத்துவதற்கு முன், முழுத் தரவும் வெளியே செருகிய ஒரு டிஸ்க்கில் எடுக்கப்பட்டிருந்தது. எடுத்தவர் பெயர் மறுபடியும் மாக்ரெட்.

“அம்மா, புது டிஸ்க் ஒண்டு வாங்கினீங்களே? கறுப்புப் பெட்டி?”

“ஓம், பூசையில வைச்சது. அவள்தான் கிளைக்கு வேணுமெண்டு கொண்டு போனவள்.”

மாக்ரெட் மாமியின் தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. அருந்ததி செருப்பைக் கொழுவிக்கொண்டு கீழே ஓடி, கொட்டாஞ்சேனைக்குத் திரீவீலர் பிடித்தாள்.

சாரதி நிலாம் நானா வழியெல்லாம் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டு வந்தார். மருதானையில் நெரிசலில் நின்றபோது கேட்டார்: “என்ன மகள், ஆஸ்பத்திரிக் கேஸா?”

“இல்ல நானா. கலியாணக் கேஸ்.”

“அப்பிடியெண்டா ஆஸ்பத்திரிக் கேஸவிட அவசரம்,” என்று சொல்லி ஒரு சந்துக்குள் திருப்பினார்.

கொட்டாஞ்சேனைக் கிளை ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. முன்பக்கம் அலுவலகம், பின்பக்கம் வீடு. வெள்ளிக்கிழமைப் பகலில் கதவு சாத்தியிருந்தது. அருந்ததி தட்டினாள்.

“ஆளில்ல!” என்றது உள்ளேயிருந்து மாக்ரெட் மாமியின் குரல்.

“மாமி, நான் அருந்ததி.”

“அருந்ததிக்கும் ஆளில்ல. காலையிலயிருந்து ஏழு தாய்மார் ஏசிட்டாங்க. ஒராள் ஃபாதர்கிட்ட சொல்லப் போறன்னு சொன்னா. போன எடுத்து அணைச்சு வச்சிட்டேன்.”

“நான் ஏச வரேல்ல. நீங்க எடுத்த பேக்கப் வேணும். அதுதான் இப்ப எங்களைக் காப்பாத்தும்.”

உள்ளே தாழ்ப்பாள் இழுபட்டது. பிறகு கதவு ஒரு கண்ணளவுக்குத் திறந்தது. “காப்பாத்துமா? நெசமா?”

உள்ளே மேசையில் ஆறிப்போன தேத்தண்ணி இருந்தது. மாக்ரெட் மாமி செபமாலையைக் கையில் சுற்றியபடி நின்றாள். எதிரே உட்கார வைத்து, முழங்காலைத் தொட்டு, அருந்ததி பொறுமையாகக் கேட்டாள். “என்ன நடந்ததெண்டு முதலிலயிருந்து சொல்லுங்கோ மாமி.”

“நீயும் பூசையில இருந்தேதானே. உன்னோட அம்மா சொன்னாங்க, புதுப் பெட்டியையும் பழைய பெட்டியையும் சாமிக்கு முன்னுக்கு வைக்கச் சொல்லி. நிறைகுடம் வைக்கிற வீட்டில வெறும் பெட்டிய வைக்கலாமா, சொல்லு? எனக்கு மனசு கேக்கல்ல. அதான் நீ சொல்லித் தந்தபடி பட்டன அமத்தி முழுக்க நிரப்பிட்டு வச்சேன்.”

“அது நல்ல வேலை. அதுக்காக உங்களுக்குக் கோயில் கட்டலாம். அடுத்த நாள்?”

“அடுத்த நாள் விஜயதசமி. பூசையில வச்ச சாமான எடுத்து, அது அது செய்ற வேலைய கொஞ்சம் செஞ்சு பாக்கணும்னு அக்காதான் சொன்னாங்க. பேனையால எழுதினோம். கத்தரிக்கோலால பேப்பர் வெட்டினோம். அக்கா அகப்பையால சோத்தக் கிளறினாங்க. பெட்டி மட்டும் சும்மா இருந்திச்சு. பெட்டியோட வேல என்ன? உள்ளுக்குப் போட்டத வெளிய தாறது. அதனால ‘ரீஸ்டோர்’ன்னு இருந்தத அமத்தினேன்.”

அருந்ததி சிரிக்கவில்லை. சிரித்தால் மாமி அழுவாள் என்று தெரியும். ஆனால் அந்தத் தர்க்கத்தில் ஓட்டை எங்கே என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.

“சரி மாமி. அண்டைக்கு நீங்க புதுப் பெட்டியை எடுத்து அமத்தியிருந்தா ஒண்டுமே நடந்திராது. முதல் நாள் இருந்தது அப்பிடியே வந்திருக்கும். பழைய பெட்டியை ஏன் எடுத்தீங்க?”

மாக்ரெட் மாமி நிமிர்ந்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் குற்றவுணர்வு போய், கொஞ்சம் கோபம் வந்தது.

“மூத்தது இருக்கிறப்போ இளையதத் தொடலாமா? நாம செய்ற தொழிலே அதுதானே!”

அருந்ததி அதை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

“ஒரு எச்சரிக்கை வந்திருக்குமே,” என்றாள். “இருக்கிறதை அழிச்சு மேல எழுதவா எண்டு சிவப்பெழுத்தில?”

“வந்திச்சு. நல்ல நாளில கேக்குது. ‘இல்ல’ன்னு சொல்லலாமா? ‘ஆம்’ன்னு அமத்தினேன். அமத்தி, கைகூப்பிக் கும்பிட்டும் விட்டேன்.”

புதுப் பெட்டி பின்னறைப் பீடத்தில், அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் இருந்தது. வெள்ளவத்தைப் பூசையில் வைத்த சந்தனப்பொட்டு அதன் முகத்தில் இன்னும் அழியாமல் இருந்தது. “ரெண்டு பக்கத்து ஆசீர்வாதமும் கிடைக்கட்டும்னு வச்சேன்,” என்றாள் மாமி. அருந்ததி பெட்டியை அங்கேயே மடிக்கணினியில் செருகிப் பார்த்தாள். ஃபைல் முழுசாக இருந்தது. திறந்தும் கொண்டது. அவள் மாமியைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தில் கொஞ்சினாள்.

“அப்ப நான் பாவம் செய்யலியா?”

“அரைவாசி செய்தீங்க மாமி. மிச்ச அரைவாசி அம்மா செய்தவா.”

அதைக் கேட்டதும் மாக்ரெட் மாமிக்குப் பசி வந்தது. கீழே பேக்கரியிலிருந்து மீன் பணிஸ் இரண்டு வாங்கி, ஒன்றைத் தான் சாப்பிட்டு, மற்றதை அருந்ததியின் கைக்குள் திணித்து அனுப்பினாள்.

வெள்ளவத்தைக்குத் திரும்பியதும் அருந்ததி முதலில் செய்தது அருள்நாயகிக்குப் பைத்தியம் போலத் தெரிந்தது. கெட்டுப்போன தரவையே ஒரு பேக்கப் எடுத்தாள்.

“அழுகின தக்காளியை ஏனடி ஃப்ரிஜ்ஜில வைக்கிறாய்?”

“எதையும் மாத்த முதல் இருக்கிறதை எடுத்து வைக்கோணும் அம்மா. பிழையெண்டாலும். நாளைக்கு ஆரும் கேட்டா காட்டவேணுமெல்லோ.”

பிறகு புதுப் பெட்டியிலிருந்து ரீஸ்டோர் செய்தாள். பச்சைக்கோடு ஊர்ந்து முடிந்தது. இரட்டைப் பிள்ளைகளின் தாய் மறுபடியும் தாயானாள். அவுஸ்திரேலியாக்காரர் குடும்பஸ்தரானார். அருந்ததி என்ற பெயருக்கும் தனுஷன் என்ற பெயருக்கும் பக்கத்தில் ‘பேசி முடிந்தது’ என்று வந்து நின்றது. அருள்நாயகி அந்த எழுத்தைத் திரையில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“அப்ப எல்லாம் சரி.”

“தரவு சரி. போன மெசேஜ் போனதுதான். ரீஸ்டோர் பண்ணினா எங்கட பக்கம் பழையபடி வரும். ஆக்களின்ர போனுக்குள்ள போய் எதையும் திருப்பி எடுக்காது.”

அருள்நாயகி உழுந்தை ஊறப் போட்டு, பின்னேரம் வரை சமையலறையில் வடை வேலையில் இருந்தாள்.

இரத்தினேஸ்வரி அன்ரி சொன்ன நேரத்துக்கு வந்தார். மயில்நீலச் சேலை, கையில் தோல் பை. தனுஷன் கீழே காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கிறான் என்றார். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் பின்னேரம் கார் நிறுத்த இடம் கிடைப்பதைவிட, அருள்நாயகியின் பதிவில் செவ்வாய்தோஷப் பெண்ணுக்குப் பொருத்தம் கிடைப்பது சுலபம்.

“காலமை ஒரு மெசேஜ் வந்தது,” என்றார் அன்ரி, உட்கார்ந்ததும். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அருள்நாயகி ஏதோ சொல்லத் தொடங்கினாள். அருந்ததி முந்திக்கொண்டாள். “அன்ரி, வாயால சொல்லுறதைவிட ஒருக்கா இதைப் பாருங்கோ.”

மடிக்கணினியை அவர் முன் வைத்தாள். பேக்கப் என்றால் என்ன, ரீஸ்டோர் என்றால் என்ன, அதன் வரலாறு ஏன் வேறு இடத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். விஜயதசமிக் காலை, மாக்ரெட் என்ற பெயர், முந்திய வருடத்து ஆடி மாதப் பேக்கப், இன்று தான் செய்த ரீஸ்டோர். தன் வரியையும் ஒளிக்காமல் காட்டினாள். அம்மா ஒட்டறை அடித்ததையும் சொன்னாள். அருள்நாயகி வடைத் தட்டோடு சமையலறைக்குத் திரும்பிப் போனாள்.

இரத்தினேஸ்வரி அன்ரி கண்ணாடியைத் தாழ்த்தி வரி வரியாக வாசித்தார். கணக்காய்வில் இருந்த கண் அது.

“ஆர், எப்ப, எதிலயிருந்து,” என்றார். “மூண்டும் இருக்கு. இவ்வளவு ஒழுங்கா நாங்கள் வங்கியிலயே வைச்சிருக்கேல்ல. அப்ப நீங்கள் வேற இடம் பாக்கேல்ல?”

“இல்லை அன்ரி. என்ர பேரே பேசி முடிஞ்சதெண்டுதான் கிடந்தது. பழைய பெட்டிதான் அதை மாத்தினது.”

“எனக்கு விளங்குது பிள்ளை. மனசில ஒண்டுமில்லை.”

சமையலறையில் அருள்நாயகி பெருமூச்சு விட்ட சத்தம் வரவேற்பறை வரை கேட்டது. அடுத்த நிமிடம் அவள் வடையோடும் பஞ்சாங்கத்தோடும் வந்துவிட்டாள். தை பிறந்தால் நல்ல முகூர்த்தம் இரண்டு இருக்கிறது என்று தொடங்கினாள். அருந்ததிக்குக் காலையிலிருந்து முதல் தடவையாகக் காலைத் தரையில் வைத்தது போல இருந்தது.

இரத்தினேஸ்வரி அன்ரி வடையைப் பிட்டார். சாப்பிடவில்லை.

“ஒண்டு கேக்கிறன்,” என்றார். “எனக்கு வந்த அந்த மூண்டு பிள்ளையளும், அவையும் பழைய பெட்டியில இருந்து வந்தவைதானே?”

“ஓம் அன்ரி.”

“அப்ப இப்ப உண்மையா எத்தினை பேருக்கு முடிஞ்சிட்டுது? சும்மா, அறியத்தான்.”

அருள்நாயகியின் விரல் பஞ்சாங்கத்தில் தை மாதத்தில் அப்படியே நின்றது.

அருந்ததி தேடிப் பார்த்தாள். அவளுக்கு ஒருவர் கேள்வி கேட்டால் விடை தேடாமல் இருக்கத் தெரியாது. “முதலாவது பிள்ளைக்குக் கலியாணம் முடிஞ்சுது. ரெண்டாவது பிள்ளைக்கு இரட்டைப் பிள்ளையள்.”

“மூண்டாவது? அந்த டொக்டர் பிள்ளை?”

திரையில் விடை இருந்தது. டொக்டர் பிள்ளை மேற்படிப்புக்குப் போய், அதை முடித்துக்கொண்டு, திரும்பி வந்திருந்தாள். பொருத்தம் தனுஷனுக்கு மிக நல்லது என்று மென்பொருள் சொன்னது. அந்தக் கணக்கை எழுதியதும் அருந்ததிதான். கண்ணைக் கசக்கிவிட்டு, ‘இதிலே தெளிவாக இல்லை அன்ரி’ என்று சொன்னால் போதும். அம்மாவின் கண்கள் அதைத்தான் கெஞ்சின.

“அவா இன்னும் தேடலிலதான் அன்ரி,” என்றாள் அருந்ததி.

“ஓ.” இரத்தினேஸ்வரி அன்ரி வடையைத் தட்டில் வைத்து, கைலேஞ்சியில் விரல்களைத் துடைத்தார். “பிழையா நினைக்காதேங்கோ. நல்ல பிள்ளை நீர். இவ்வளவு நேர்மையா ஒருத்தரும் கணக்குக் காட்ட மாட்டினம். ஆனா தாய் மனசு. அந்தச் சாதகத்தை ஒருக்கா அனுப்பிவிட்டீங்களெண்டா நானும் பாத்திட்டு...”

அருள்நாயகி ஒரு தொழில்காரி. பதிந்தவர்கள் கேட்டால் சாதகம் கொடுத்தே ஆகவேண்டும் என்பது அவளே சுவரில் சட்டம் போட்டு மாட்டிய விதி. அந்தச் சட்டம் இரத்தினேஸ்வரி அன்ரியின் தலைக்கு நேர் மேலே தொங்கியது. அருள்நாயகி அதைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

“அனுப்பலாம் அன்ரி,” என்றாள் அருந்ததி. “ஆனா தனுஷன் பேசி முடிஞ்சதெண்டு இருக்கிறார். பேசி முடிஞ்ச ஆளுக்கு இது சாதகம் அனுப்பாது. முதல்ல அவரைத் திரும்பத் தேடலில எண்டு மாத்தோணும். மாத்திறதெண்டா, ஆர் சொல்லி மாத்தினதெண்டு பேரைக் கேக்கும். வெறுமையா விட்டா ஏற்காது. நான்தான் அப்பிடிச் செய்து வைச்சனான். அந்தப் பேர் பிறகு அழியாது. அழிச்சாலும் அழிச்ச ஆளின்ர பேர் இருக்கும்.”

அவள் மடிக்கணினியை மெல்லத் திருப்பினாள். ‘யாருடைய விருப்பத்தில்?’ என்ற கேள்விக்குக் கீழே ஒரு வெள்ளைக் கட்டம் இருந்தது. அதற்குள் ஒரு சின்னக் கோடு துடித்துக்கொண்டிருந்தது.

“ஆரின்ர பேரைப் போட அன்ரி?”

படியில் காலடிச் சத்தம் கேட்டது. தனுஷன் கார்த் திறப்பை விரலில் சுழற்றியபடி வாசலில் வந்து நின்று, செருப்பைக் கழற்றினான். வியர்த்திருந்தான். மூன்று பேரும் ஒரு திரையைச் சுற்றி மூச்சுவிடாமல் இருப்பதைப் பார்த்துச் சிரித்தான்.

“என்ன அம்மா, நான் வாறதுக்கு முதலே திகதி எழுதியாச்சோ?”

இரத்தினேஸ்வரி அன்ரி மகனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அருந்ததியை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார்.

“பொறு தனு,” என்றார். “இதில ஒரு பேர் எழுதோணுமாம்.”